அக்காவுக்கு எட்டு, மாமாவுக்குப் பதினைந்து

குதிரைத்திறன் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பதினெட்டு வருடமாக, பின்னால் நடந்தபடி உழுகிற பவர் டில்லர் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்கலாம். வேறு யார் சொல்வது?

என் அக்கா நாற்பத்தேழு கிலோ. எங்கள் குடும்பத்தில் டில்லர் ஓட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஒன்றரை ஏக்கர் நிலம், அதுவும் ஏழு துண்டாகக் கிடக்கிறது. அது போக அக்கம்பக்கத்தில் காய்கறி போடுகிறவர்களுக்கும் உழுது கொடுப்பாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதிகம் பேச மாட்டாள். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள்.

மாமா விதைக்கடையில் உட்கார்ந்திருப்பவர். டில்லர் கைப்பிடியைப் பிடித்து நாலடி நடந்தவர் இல்லை. வாய் மட்டும் ஊர் நிலம் முழுவதையும் உழுதுவிடும்.

பழைய இஞ்சின் எட்டு குதிரைத்திறன். மழைக்கு முன்னால் ஒருநாள் உள்ளே ராடு முறிந்து, இஞ்சினின் வயிற்றையே கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. புதுசு போட்டாக வேண்டும். என் பட்டறையில்தான் பேச்சு.

"எட்டே போதும்டா," என்றாள் அக்கா.

மாமா சிரித்தார். "பதினஞ்சு போடு மாப்ளே. எதிர் நிலத்துக்காரன் பன்னெண்டு வெச்சிருக்கான். நாம எட்டு வெச்சா என்ன மரியாதை?"

"அப்ப செல்ஃப் ஸ்டார்ட் இருக்கறதா பாத்து..." என்று இழுத்தேன்.

"செல்ஃப் எதுக்கு? நமக்குக் கை இல்லையா?"

நமக்காம்! பம்பு ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பெருசா இருந்தா இழுவை நல்லா இருக்கும் என்றான் ஒருவன். நான்கு ஆண்கள் உட்கார்ந்து முடிவு செய்தோம். வண்டிக்குப் பின்னால் நடக்கப்போகிறவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியாதா? பதினைந்து என்றால் இஞ்சின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனையும் முன்பக்கம் உட்காரும். ஈர மண்ணில் மூக்கு புதையும். மூலையில் திருப்பும்போது கைப்பிடியில் தொங்கினாலும் மூக்கு எழும்பாது. எல்லாவற்றையும்விட, ஸ்டார்ட் பண்ணுவது. ஒரு கையால் இஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்கிற லீவரை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். எட்டை அவள் இரண்டே சுற்றில் எழுப்பிவிடுவாள். பதினைந்து அவளுக்கு அசையக்கூடச் செய்யாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?

இத்தனையும் தெரிந்து நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் மாமா வீட்டில் போய் அக்காவிடம் எரிந்து விழுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பதினைந்து மாட்டுகிற பட்டறை என்று பேர் வருமே என்ற நப்பாசை மீதிப் பாதி. சீ!

முதல் நாள் மாமாவே எல்லார் முன்னாலும் ஹேண்டிலைச் சுற்றினார். அது உதைத்த உதையில் மணிக்கட்டு வீங்கிப்போனது. "ஆயில் சரியில்ல மாப்ளே," என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜென்மம்.

பத்து நாள் கழித்து பெல்ட்டை இறுக்கிக் கொடுக்க நிலத்துக்குப் போனேன். உச்சி வெயில். வரப்பில் உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே இஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. புகை நேராக அவள் சோற்றுப் பாத்திரத்தின் மேல்தான் போனது.

"நிறுத்திட்டு சாப்பிடேன்க்கா," என்று கத்தினேன்.

"நிறுத்தினா யாருடா ஸ்டார்ட் பண்றது? உங்க மாமா எட்டரைக்கு எந்திரிச்சு வந்து சுத்தி விட்டுட்டுக் கடைக்குப் போயிடறாரு. அப்புறம் வேல முடியற வரைக்கும் நிறுத்த மாட்டேன். ஒதுங்கப் போனாக்கூட காது இங்கதான் இருக்கு, அணைஞ்சுடுமோன்னு."

உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. காலையில் உழச் சொல்லியிருந்தவர்கள் மூன்று பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்களாம். பதினைந்து குதிரையும் சேர்ந்து அவளுடைய விடியற்காலையைத் தின்றுவிட்டன. எனக்கு அந்தப் புகையைவிட என் மேல்தான் அதிகம் குமட்டியது.

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்க்கா."

மீதிச் சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு அஞ்சரைக்கு வா. வந்து சுத்தி விட்டுட்டுப் போ. எட்டு மாட்டிக் குடுக்கற வரைக்கும் தெனமும் வரணும்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

போனேன். ஆறு நாள், விடிவதற்கு முன்னால். கறிவேப்பிலைக் கன்று மாதிரி ஒல்லியாக வளர்ந்த உடம்பில்லை என்னுடையது. எனக்கே தோள்பட்டை கழன்றது. நான் சுற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து மாமாவின் குறட்டை கேட்கும்.

ஏழாம் நாள் கடைக்கே போனேன். மாமா ஒரு வாடிக்கையாளரிடம் அளந்துகொண்டிருந்தார்: "நம்மது பதினஞ்சு. பொம்பளையே ஓட்டறான்னா பாத்துக்கங்களேன், அவ்வளவு லேசு!"

"மாமா, நாளைக்கு அத கழட்டறேன். எட்டு மாட்டப் போறேன்," என்றேன்.

"ஏன் மாப்ளே, நல்லாத்தான ஓடுது?"

"ஓடுது. அக்காவால அத நிறுத்த முடியல."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"நிறுத்தறதுக்குத்தான் லீவர் இருக்கே மாப்ளே. அவளுக்கு நீ காட்டிக் குடுக்கலையா?"