உறை பிரிக்காத கார்

போன சனிக்கிழமை காலையில் அக்கா போன் எடுத்தாள். "கெதியா வா. உன்ர அத்தான் கீழ, காருக்குள்ள பிளேட்டோட நிக்கிறார்."

நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில்தான் இருக்கிறோம். அவர்கள் ஒரு பிளட், நான் பக்கத்துப் பிளட். செருப்பைச் சரியாகக் கொளுவாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் அத்தான் காரின் முன்கதவைத் திறந்துவைத்து, சவரம் செய்யும் பிளேட்டால் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? எங்கள் குடும்பத்தில் இது தலைப்புச் செய்தி.

அந்தக் காரை அத்தான் புதிதாக வாங்கியபோது சீட்டுகள் பிளாஸ்டிக் உறையோடு வந்தன. முதல் சேர்விஸ் முடியட்டும், கழற்றலாம் என்றார். பிறகு மகன் கனடா போகட்டும் என்றார். மகன் போனான்... உறை போகவில்லை. அதற்குள் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பழைய கார்களின் விலையெல்லாம் ஏறத் தொடங்கியது. அவ்வளவுதான். அத்தான் அதன்பிறகு காரை ஓட்டியது குறைவு, பூசித்தது அதிகம். ஞாயிறு தோறும் டாஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார், பளபளப்புக்காக. எண்ணெயில், பஸ்கள் ஓடும் காலி வீதியின் தூசி ஒட்டியது. தூசிக்கு மேல் மறுபடி எண்ணெய். தொட்டால் கை பிசுபிசுக்கும்.

கொழும்பு வெக்கையில் அந்தப் பிளாஸ்டிக்கில் குந்தியிருந்தவர்களுக்குத் தெரியும். முதுகு நனையும். அசைந்தால் கரகரவென்று சத்தம். இறங்கும்போது சேலையைத் தனியாக, சீட்டைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அக்கா ஒரு துவாயை விரித்து அதில்தான் இருப்பாள். "இதை ஒருக்கா கழட்டுங்கோவன்" என்று கேட்டால் அத்தானிடம் எப்போதும் ஒரே பதில்: "நாளைக்கு ஒரு அவசரம் எண்டா விக்கலாம். கார் புதுசா இருக்கவேணும்."

அத்தானை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளைப் பாருங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள்... விருந்தாளிக்கு. மெத்தையில் கடை உறை. என் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பொலித்தீன் சுற்றி இறப்பர் பாண்ட் போட்டிருந்தது. போன வருடம் பிரித்தேன். உள்ளே பட்டன்கள் புத்தம் புதிது. டிவிதான் பழுதாகிவிட்டிருந்தது.

ஏன் இப்படி? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கலவரம் கண்ட இந்த ஊரில் நம் தமிழ் ஆட்கள் எப்போதும் அரை மனதோடுதான் குடியிருந்தார்கள். என்றைக்காவது எழுந்து போகவேண்டி வரலாம், அப்போது எல்லாவற்றையும் நல்ல விலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கேயோ அடியில் கிடக்கிறது. அதனால் சொந்தப் பொருளையே இன்னொருவருக்காகப் பார்த்துக்கொள்கிறோம். அந்த இன்னொருவர் யார்? அவரை இதுவரை யாரும் கண்டதில்லை.

சரி, அத்தான் ஏன் திடீரென்று பிளேட்டை எடுத்தார்?

அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு. மூச்சு இழுக்கும், பம்ப் அடிப்பாள், சரியாகும். இந்த வருடம் சரியாகவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் அத்தானையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். நுரையீரல் இனித் திரும்பாது என்றார். "அவ விரும்பினதைச் செய்யுங்கோ" என்றார். டொக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அக்கா என்ன விரும்பினாள் தெரியுமா? கோயில் இல்லை. கனடா இல்லை. "மரைன் டிரைவால ஒருக்கா போகவேணும். கடலைப் பாத்துக்கொண்டு, எங்கட கார்ல. அந்தக் கோதாரி பிளாஸ்டிக் இல்லாமல்."

ஐந்து நிமிடத்தில் நடந்து போகிற கடற்கரை. அவளால் இப்போது வாசல் வரைக்கும் நடக்க முடியாது.

அதற்குத்தான் பிளேட். உறை கிழிந்தது. அத்தான் உரித்தெடுத்தார். உள்ளே...

பூஞ்சணம். சீட் முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாய்ப் படர்ந்திருந்தது. துவாயின் ஈரம், குடையின் ஈரம், கடற்காற்றின் ஈரம் எல்லாம் உறைக்கு அடியில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருந்து அழுகியிருக்கிறது. மூடிய சாக்குக்குள் இருந்த அரிசி போல் ஒரு மணம். எனக்கே தும்மல் வந்தது. தொய்வுக்காரியை அதற்குள் எப்படி ஏற்றுவது? அத்தான் கையில் பிளாஸ்டிக்கைப் பிடித்தபடி நின்றார். அவரைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகை வந்தது.

அன்றைக்கே காரைத் தெமட்டகொடைக்குக் கொண்டுபோனோம். அங்கே காரின் உள்பக்கம் மட்டும் சுத்தம் செய்து கொடுக்கிற கடை ஒன்று. முதலாளி நிஸார் பெரிய வாய்க்காரர். எட்டிப் பார்த்தார், மூக்கைப் பிடித்தார், சிரித்தார்.

"ஒண்டும் பயப்பட வாணாம் சேர். கம்பனில இருந்து வந்த மாதிரி செஞ்சி தாறேன்."

"மணம் போகுமா?" என்றேன்.

"மணமா? நீங்க உள்ளுக்குப் படுத்துத் தூங்கலாம் மேடம்."

சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தார்கள். நுரையைத் தெளித்துப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பிறகு ஒரு மெஷினை வைத்து இழுத்தபோது பால் விடாத பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. மறுபடி நுரை, மறுபடி இழுப்பு, மறுபடி பிளேன்டீ. டாஷ்போர்டிலிருந்து எண்ணெய்ப் பிசினைச் சுரண்டி எடுத்தார்கள். அத்தான் ஒரு ஸ்டூலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், "ஸ்பொஞ்சுக்குள்ளயும் இறங்கிட்டுதோ?" என்று கேட்டார். நிஸார் காதில் விழாத மாதிரி மெஷினைப் போட்டார்.

இறங்கித்தான் இருந்தது. பிறகு மழை பிடித்தது. வெயில் இல்லாமல் சீட் எங்கே காய்வது? நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் நேற்று கார் வந்தது. ஜன்னல் கண்ணாடியால் பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. துணியின் நிறம் இளம் சாம்பல் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

அக்காவுக்கு நல்ல சேலை உடுத்தி, லிஃப்ட்டில் மெதுவாகக் கீழே கொண்டுவந்தோம். அத்தான் கதவைத் திறந்தார். குப்பென்று எலுமிச்சை சென்ட். மணத்தை மணத்தால் மூடியிருக்கிறார் நிஸார். சென்ட்டுக்கு அடியில் பழைய அரிசி மணம் பத்திரமாக இருந்தது. அக்கா இருமத் தொடங்கினாள். நான் பம்ப்பைக் கொடுத்து, கேட்டடியில் காவலுக்கு நிற்கும் வோச்சரின் கதிரையில் அவளை இருத்தினேன்.

மூச்சு திரும்பியதும் அவள் காருக்குள் பார்த்தாள். "அது என்ன சீட்டில மினுங்குது?"

கண்ணாடி போன்ற புது பொலித்தீன் உறை. எல்லாச் சீட்டுக்கும்.

"கடைக்காரன் சும்மா போட்டுத் தந்தவன்" என்றார் அத்தான். "ரெண்டு கிழமைக்கு இருக்கட்டும். சுத்தமாக்கின சீட்... ஊத்தை பிடிச்சிடும்."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "இவ்வளவு பட்ட பிறகுமா அத்தான்?" என்றேன். அவர் குனிந்து உறையில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உறையைக் கழற்றிவிட்டால், இனிப் பாதுகாத்து வைக்க ஒரு நாளை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த மனிதரால் அது முடியவில்லை.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "நாளைக்கு ஒரு அவசரம் எண்டா, எண்டு சொல்லுவீங்கள் என்ன?" என்றாள் அவரைப் பார்த்து. "அவசரம் வந்திட்டுதப்பா. இதுதான் அது."

வீதியால் ஒரு த்ரீவீலர் வந்தது. அக்காவே கையைக் காட்டி மறித்தாள்.

சீட்டில் ரெக்சின் கிழிந்து ஸ்பொஞ்ச் எட்டிப் பார்த்தது. யாரோ பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். அக்கா நடுவில், நான் ஒரு பக்கம். அத்தான் ஏறுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, தான் இருக்கப்போகும் இடத்தில் விரித்தார். பழக்கம்!

"அதை எடுங்கோ" என்றாள் அக்கா.

எடுத்தார்.

மரைன் டிரைவில் காற்று இரண்டு பக்கமும் அடித்தது. ஒரு ரயில் எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு முந்திப் போனது. அக்கா கடலைப் பார்த்ததைவிட அந்தக் கிழிந்த சீட்டைத் தடவிப் பார்த்ததுதான் கூட.

"இதில ஆக்கள் இருந்திருக்கினம்" என்றாள்.

அத்தான் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கார் கீழே நிற்கிறது, உறைக்குள்.