கேள்வி கேட்காத ஊர்

கொரோனா அடங்கி விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கியதற்குப் பிறகு வந்த ஒரு புரட்டாதி மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் கழிந்த நேரம். ஒல்லாந்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த நானும் மனைவியும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை. திகதியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் திகதி சொல்ல வெளிக்கிட்டால் கதை கரைசேராது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு, அதனால் விடுகிறேன்.

ஒல்லாந்துக்கு ஏன் போனோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். மற்றத் தீவுகளின் பெயர்கள் உதிர்ந்து போயின. எங்கள் டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் அரசாங்கக் கடிதங்களில் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊர் எப்படியிருக்கும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஒரு மயக்கம். கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்த காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகும், அகப்பட்ட புத்தகமெல்லாம் வாசித்தேன். போகாமலே அந்த ஊரின் கால்வாய்களையும் சாய்ந்த தேவாலயக் கோபுரத்தையும் ஆருக்கும் சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரு கலியாணம் பேசி, அழைப்பிதழெல்லாம் கொடுத்து, பந்தல்காரருக்கும் சொன்ன பிறகு மாப்பிள்ளை பகுதியார் பின்வாங்கிவிட்டார்கள். காரணம் எங்களுக்கே சரியாகத் தெரியாது. அடுத்த வருஷம் அவள் புலமைப்பரிசில் எடுத்து வெளிநாடு போனாள். உவர்க் கிணற்றடியில் வளர்ந்த பிள்ளை, தண்ணீரைப் பற்றியே படிக்கப் போனது எங்கே தெரியுமா? அதே டெல்ஃப்டுக்கு. படித்து முடித்து அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். எங்களைக் கூப்பிட்டாள். போனோம்.

ஊர் நான் வாசித்ததைவிட அழகு. முதல் கிழமை நான் நித்திரை கொள்ளவேயில்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு பாலமாக நின்று நின்று பார்த்தேன். செங்கல் சுவரைத் தடவிப் பார்த்தேன். மனைவி ஒவ்வொரு பின்னேரமும் குசினியில் இருந்த பாத்திரமெல்லாம் தண்ணீர் பிடித்து நிரப்பி வைத்தாள், எங்கள் தீவு வழக்கப்படி. மகள் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள்.

ஆனால் இரண்டாம் மாதம் எனக்குள் ஏதோ சுருங்கத் தொடங்கியது. காலையில் வெளிக்கிட்டுப் போவேன், மத்தியானம் வருவேன், இடையில் ஒரு மனுசர் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார். எங்கள் தீவில் படலையைத் திறந்தால் போதும். "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று முதல் ஆள் கேட்பார். "ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?" என்று அடுத்த ஆள். கடைச் சந்திக்குப் போவதற்குள் நான் போகும் காரியம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அது இல்லாமல், நான் அங்கே இருக்கிறேனா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மனுசன் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம்.

புறப்படும்போது மகள் ஒரு யோசனை சொன்னாள். சட்டப்படி நாங்கள் வருஷத்தில் பாதிக்காலம் அங்கே வந்து நிற்கலாம், மூன்று மூன்று மாதமாக. அதற்குச் சம்மதம் என்றால் இப்போதிருக்கும் ஒற்றை அறையை விட்டுவிட்டு இரண்டு அறை வீடு ஒன்றை எடுப்பாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

குறிகட்டுவானில் நிற்கும்போது அவளுடைய அழைப்பு வந்தது. மனைவி அந்த நேரம் கடைப் பக்கம் சோடா வாங்கப் போயிருந்தாள்.

"அப்பா, வீட்டுக்காரர் இண்டைக்கு முடிவு கேக்கிறார். எடுக்கவோ, விடவோ?"

"விடு பிள்ளை. உந்த ஊர் பாக்க நல்லது. இருக்க எங்களுக்குச் சரிவராது."

"அம்மாட்டைக் கேட்டனீங்களோ?"

"அம்மாவுக்கு எனக்கு முதலே சரிவராது. பாஷை தெரியாது, கதைக்கச் சனமில்லை. பாவம், வியாழக்கிழமையிலை கூடையோடை தனியச் சந்தைக்குப் போய் வாறதைப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது."

"சரி அப்பா" என்றாள்.

படகு வந்தது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், முட்டைத் தட்டு எல்லாம் ஏற்றிய பிறகு ஆட்களை ஏற்றினார்கள். பெண்கள் கீழ்த்தட்டுக்குப் போனார்கள். காற்று முகத்துக்கு நேரே அடித்ததால் நானும் கீழே இறங்கிப் படியடியில் குந்தினேன். எனக்கு எதிரே எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர். மனைவிக்குப் பக்கத்தில் கறுப்புத் தோள்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி, ஊருக்குப் புதிதான ஓர் இளம்பெண். இயந்திரம் போட்ட சத்தத்தில் ஒவ்வொருவரும் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் என்னை விடவில்லை.

"மனேச்சர், வெள்ளையா வருவியள் எண்டு பாத்தால் போனதைவிடக் கறுத்தெல்லோ வாறியள்!"

"அங்கையும் வெயில்தான் தம்பி."

"அதை விடுங்கோ. உவங்கள் எங்கடை தீவிலை விட்டிட்டுப்போன குதிரையளைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னனியளோ?"

கீழ்த்தட்டு முழுக்கச் சிரித்தது. நானும் உற்சாகமாகிக் குதிரைகளின் வரலாற்றைத் தொடங்கினேன். போர்த்துக்கேயர் கொண்டுவந்தது எவ்வளவு, ஒல்லாந்தர் பெருக்கியது எவ்வளவு என்று போனது கதை.

"மனேச்சர், வருஷக்கணக்கை வைச்சிட்டுச் சங்கதியைச் சொல்லுங்கோ. இருக்கலாமோ உந்த ஊரிலை?"

"பாக்கலாம். இருக்கேலாது. செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாரான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பஸ்சில் வரும்போதே அதை யோசித்து வைத்திருந்தேன்.

நயினாதீவுப் பக்கம் தாண்டியதும் படகு தூக்கிப் போடத் தொடங்கியது. அந்த இளம்பெண்ணின் முகம் வெளிறியது. பராக்குக் காட்டினால் பயம் போகும் என்று கடைக்காரர் கதை கொடுத்தார்.

"பிள்ளை இடத்துக்குப் புதுசோ?"

"ஓம். பள்ளிக்கூடத்துக்கு மாற்றம்."

"எவடம்?"

"வவுனியா."

வவுனியாவில் எவடம், தகப்பன் என்ன செய்கிறார், கூடப் பிறந்தது எத்தனை பேர் என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டோம். தீவுக்கு ஒரு புது ஆசிரியை வந்தால் இறங்குவதற்குள் இதெல்லாம் தெரிந்துவிடும். அதுதான் எங்கள் வரவேற்பு. கலியாணம் முடித்தாயிற்றோ என்ற கேள்வியும் வந்தது.

"முடிச்சனான்" என்றாள். பிறகு, "இப்ப இல்லை."

"இப்ப இல்லையெண்டால்?"

அதைக் கேட்டது நான்தான்.

"இஞ்சேருங்கோ! அந்தப் பிள்ளையை விடுங்கோ!"

என் மனைவி ஆட்களுக்கு முன்னால் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இயந்திரச் சத்தத்துக்காகக் கத்தியதென்று முதலில் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி அந்தப் பெண்ணின் மூக்கடியில் பிடித்தாள். முதுகைத் தடவிக்கொண்டே அவளோடு கதைத்தாள். அவளுக்குக் கேட்க வேண்டுமென்று உரத்துச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"குறை நினையாதை பிள்ளை. இவையள் இப்பிடித்தான். நாங்கள் போன ஊரிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம். கிழமைக்கு ஒருக்காச் சந்தைக்குப் போவன், தனிய. என்னோடை வாறன் எண்டு மகள் நிண்டாலும் விடமாட்டன். எங்கை போறாய் எண்டு ஒரு சனம் கேக்கேல்லை. மகளுக்கு ஏன் கலியாணம் நிண்டது, இன்னும் ஒண்டும் பொருந்தேல்லையோ எண்டு ஒரு சனம் கேக்கேல்லை. தலையிலை இருந்த குடத்தை இறக்கி வைச்ச மாதிரி இருந்தது எனக்கு. தோடம்பழம் விக்கிறவனுக்கு நான் தோடம்பழம் வாங்க வந்த ஒரு பொம்பிளை. அவ்வளவுதான்."

"அப்ப அங்கயே நிண்டிருக்கலாமே அம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"நிக்க விருப்பந்தான். என்னட்டை ஆர் கேட்டது?"

கடைக்காரர் சூழ்நிலையைச் சமாளிக்கப் பார்த்தார். "மனேச்சர், அக்கா உங்களை விட்டிட்டுப் பிளேன் ஏறப்போறா போலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள்.

"தம்பி, நீர் வஞ்சகத்திலை கேக்கிறவர் இல்லை. கலியாணம் நிண்ட அண்டைக்கு வீட்டிலை இறக்கின சாமானெல்லாத்தையும் நீராத்தான் வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பி ஏத்திக்கொண்டு போனனீர். அதை நான் மறக்கமாட்டன். ஆனால் அதுக்குப் பிறகு நான் சீனி வாங்க வந்த ஒவ்வொரு நாளும் கேட்டனீரெல்லோ?"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்கறையிலை கேட்டனான் அக்கா" என்றது வாயசைவில்தான் தெரிந்தது.

அவர் சொன்னது உண்மை. எங்கள் கேள்விகளை நான் குறை சொல்லமாட்டேன். சண்டைக் காலத்தில் ஒருவர் பின்னேரப் படகில் வராவிட்டால், அவர் காலையில் எங்கே, எதற்குப் போனார் என்று சொல்ல இறங்குதுறையில் பத்துப் பேர் இருந்தார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் தீவு தன் ஆட்களைத் தொலைக்காமல் வைத்திருந்தது. அந்தக் கேள்விகள் எனக்குப் போர்வை. அதே போர்வைக்குள் இவளுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சந்தைக்குத் தனியே போனதைத் தனிமை என்று நான் கணக்குப் போட்டது எவ்வளவு பிழை! மூன்று மாதமாக அவள் வியாழக்கிழமைகளுக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

கைத்தொலைபேசியை எடுத்தேன். நடுக்கடலில் தொடர்பு கிடைக்கவில்லை. எங்களுக்கு மத்தியானம் தாண்டினால் அங்கே காலை. மகள் வேலைக்குப் போகும் வழியில் வீட்டுக்காரருக்குச் சொல்லியிருப்பாளா, பின்னேரம் சொல்லலாம் என்று விட்டிருப்பாளா? மிச்சக் கடலை நான் அந்த யோசனையில்தான் கடந்தேன். படகு எழும்பி விழும்போதெல்லாம் தொலைபேசியைப் பார்த்தேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் அவளுடைய தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

நெடுந்தீவு இறங்குதுறையில் கால் வைத்ததும் மகளை அழைத்தேன். எடுத்தாள்.

"வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போட்டியோ?"

"ஓம் அப்பா, அப்பவே சொல்லீட்டன். வேறை ஆக்கள் காத்திருந்தவை. ஏன்?"

"அம்மாவோடை ஒருக்காக் கதை" என்று தொலைபேசியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் முதலில் பிரயாணத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அது போனால் போகட்டும். வேறை ஒண்டு பார் பிள்ளை. சந்தைக்கு நடந்து போற தூரத்திலை பார்."

தொலைபேசியைத் திருப்பித் தந்தபோது என்னிடம் கோபப்படவில்லை. "நீங்களும் வருவியளோ?" என்று மட்டும் கேட்டாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் எங்கே இருப்பது என்பதை நான்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவை அவள் தனக்கென்று ஓர் இடத்தைச் சொல்லி, என்னை அதற்குள் கூப்பிட்டாள். வருவேன் என்றேன்.

வீடு கிடைக்க மாரி தாண்டிவிட்டது. முதலில் பார்த்ததைவிடச் சின்னது, இரண்டாவது அறையில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும்தான் பிடிக்கும். அடுத்த கோடைக்குப் போனோம், அதற்கடுத்ததற்கும். எனக்கு இன்னமும் அந்த ஊர் பார்க்கத்தான் நல்லது. இரண்டாம் மாதம் வந்தால் பழைய சுருக்கம் வரத்தான் செய்கிறது. அப்போது நான் ரயில் நிலையத்தில் போய்க் குந்திப் போகிற வருகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி வியாழக்கிழமை காலையில் தலையைச் சீவி, கூடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவாள். எங்கே என்று நான் கேட்பதில்லை. இங்கே திரும்பி வந்தால் அவளும் படலையில் நின்று, "எங்கை போறியள், மழை வரப்போகுது" என்று போகிறவர்களைக் கேட்கிறாள். இரண்டும் அவள்தான். அந்த ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்து போகிற ஆளாகிவிட்டாள். அவளுடைய பழைய கதை எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஒல்லாந்தில் இருக்கலாமா என்று இப்போதும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். படகில் சொன்ன அந்தப் பதிலை நான் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்து, இயந்திரமும் அவ்வளவு சத்தம் போடாமல் இருந்திருந்தால், என் மனைவி அந்தப் பெண்ணின் காதோடு மெல்லச் சொல்லியிருப்பாள், இரண்டடி தள்ளியிருந்த எனக்கு அது கடைசிவரை கேட்டிருக்காது என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை நடுங்க வைக்கிறது.