மாமாவை நோக்கி நீண்ட விரல்

இன்று மெயின் ஸ்ட்ரீட் சப்வே ரயில் நிலையத்தில், போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமாவோடு சுவரோரம் நின்றேன்.

ரயில் நின்றதும் கடைசிப் பெட்டியின் யன்னலால் சீருடை போட்ட ஊழியர் எட்டிப் பார்த்து, நேரே மாமாவை நோக்கி விரல் நீட்டினார்.

மாமாவின் கை தானாகவே சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்தது.

"மாமா, உங்களையில்லை! உங்கடை தலைக்கு மேலை சுவரிலை பச்சை முக்கோணம் இருக்குது, பாருங்கோ. ரயில் சரியான இடத்திலை நிண்டா அதைத்தான் காட்டுவினம். பிறகுதான் கதவு திறப்பினம்."

கதவு திறந்தது. உள்ளே ஏறி இருந்ததும் மாமா பெரிதாக மூச்சு விட்டார்.

"ஊரிலை சண்டை நேரம் ஆமிக்காரன் விரல் நீட்டினா வீடு வந்து சேரேலாது. இஞ்சை விரல் நீட்டினாத்தான் கதவே திறக்குது!"

கடைசி ஸ்டேஷனான கென்னடி வரை எல்லா ஸ்டேஷனிலும் மாமாவும் யன்னலுக்குள்ளால் முக்கோணத்துக்கு விரல் நீட்டினார். கண்டவர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் ஆள்தான்.