பத்திரிகையில் முன்னால் விழுந்த சொல்

செங்கல்பட்டில் ஒரு மதியக் காட்சி. இடைவேளை விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். நைனா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்பதைத் தாண்டியவர், ஏழு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். நான் வாங்கிக் கொடுத்த சமோசாவைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சங்கடமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. வேண்டுமென்றேதான் அந்தப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மகளை வீட்டைவிட்டு விரட்டிய ஒரு கிழவர், கடைசிக் காலத்தில் அவள் வீட்டைத் தேடிப் போகிற கதை. யோசனை என் தங்கையுடையது. நைனா அவளோடுதான் ஊரில் இருந்தார். "ரெண்டு பேரும் வாயத் தொறக்கப் போறதில்ல. இருட்டுலயாவது பக்கத்துல பக்கத்துல குந்துங்க" என்று சொல்லி அவரை என் காரில் ஏற்றிவிட்டாள். வழி முழுக்க அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நெம்மேலியில் வீடு கட்டி, புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்ததில் வந்த வினை இது. அப்போது அம்மா இறந்து இரண்டு வருடம். வழக்கப்படி அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் அடுத்தது. அம்மா பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'காலஞ்சென்ற' என்ற சொல்லை அச்சகத்தில் வரியின் தொடக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். வயலுக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதர் பத்திரிகையில் காலமாகிவிட்டார். சரிபார்க்க எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சிறுசேரியில் கம்பெனி ஆட்களுக்கு வண்டி அனுப்புகிற வேலை எனக்கு. போன் காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே திறந்து, பார்த்தும் பார்க்காமலும், சரி என்று கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் ஊர். "பெத்த புள்ள எனக்குக் கருமாதிப் பத்திரிகை அடிச்சிகீறான்" என்று நைனா தெருவில் நின்று கத்தினாராம். விழாவுக்கு வரவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு மணி நேரப் பயணம். நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றா செய்வேன், பெற்றவருக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு வீம்பு. அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான். தீபாவளிக்குத் தங்கை மூலம் வேட்டி போகும். அவள் மூலமே திரும்பி வரும். போகப் போகக் கோபம் வற்றிப்போய்க் களைப்புதான் மிஞ்சியது. ஐம்பத்து நாலு வயதில் எனக்குச் சண்டைக்கும் தெம்பில்லை, சமாதானத்துக்கும் தெம்பில்லை.

படம் முடிந்து வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மனதில் உருப்போட்டு வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நைனா, அந்தப் பத்திரிகை... பிரஸ்ல மாத்திப் போட்டுட்டாங்க. நான் சரியா பாக்கல."

"அத்த வுட்றா. உங்கம்மாவுக்குப் போட்டது எம்மேல வந்து குந்திகிச்சு. ரெண்டு நாள் கத்தினேன், ஆறிப்போச்சு."

"அப்பறம் ஏன் நைனா விழாவுக்கு வரல?"

"யாரு வரல? பஸ் புடிச்சி வந்தேன்டா. உன் வூட்டு கேட்டாண்ட நின்னேன். நீ வெளிய வந்த, என்ன நேருக்கு நேரா பாத்த, போன காதுல வெச்சிகினு உள்ள பூட்ட."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருடமாக நான் ஒரு தப்புக்குச் சமாதானம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். படத்தில் அவர் அழுதது, கிழவர் மகள் வீட்டு வாசலில் நிற்கும் காட்சிக்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். வாழை மரம், மேளம், வெயில் எல்லாம் ஞாபகம் வந்தது. வழியில் நின்றுபோன ஒரு வண்டிக்காகப் போனில் கத்தியதும் ஞாபகம் வந்தது. கேட் பக்கம் யார் யாரோ நின்றிருந்தார்கள். அவர் தெருவில் கத்தியது என் காதுக்கு எட்டியிருந்ததால் எனக்கும் அன்று அவர்மேல் கடுப்புதான். பார்த்துவிட்டு, நிற்கட்டும் என்று திரும்பினேனா?

"பாத்தியா, பாக்கலியா? அத்த மட்டும் சொல்லு" என்றார்.

"பாக்கல நைனா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப சரி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க என் கையைப் பிடித்தார்.

இப்போது நைனா என்னோடு நெம்மேலியில்தான் இருக்கிறார். காப்பியில் சர்க்கரை பற்றவில்லை என்று மருமகளிடம் சண்டை பிடிக்கிறார், கடல்காற்றில் மூட்டு வலிக்கிறது என்கிறார். விழாவைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கேள்வி அவரைவிட்டு இறங்கி என்மேல் ஏறிக்கொண்டது. அன்று நான் அவரைப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.