மொட்டு கிள்ளும் அண்ணி

“ஏம்மா, பூக்கப் போற மொட்டைக் கிள்ளிப் போடுறியே, உனக்கு எப்படி மனசு வருது?” என்று கேட்டார் நர்சரி முதலாளி.

“இது இன்னும் செடி இல்லைங்க, வெறும் குச்சி,” என்றாள் அண்ணி, தலை நிமிராமல். “இருக்கிற சத்தையெல்லாம் பூவுக்குக் கொடுத்துட்டா வேருக்கு எங்க போகும்?”

“மொட்டு விட்டாலே வேர் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். இருபது வருஷமா வியாபாரம் பண்றேன்.”

“வியாபாரம் நீங்க பண்றீங்க. குச்சி நடுறது நான்தானே!”

முதலாளி சிரித்துவிட்டார். “சரி, குச்சியில ஆளுக்குப் பாதி. என் ட்ரேயில கை வைக்காதே.”

பக்கத்தில் உட்கார்ந்து செடிகளுக்கு இரண்டு மொழிகளில் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன் நான்.

பன்னிரண்டு குச்சிகளும் ஒரே மஞ்சள் ரோஜாவில் வெட்டியவை. நர்சரி தொடங்கியபோது முதலாளி தன் கையால் நட்ட தாய்ச்செடி, அந்த மாதம்தான் வேரழுகிச் செத்தது. இவையும் போனால் அந்த ரகம் அதோடு முடிந்தது.

அண்ணி இங்கே பெட்டி கட்டத்தான் சேர்ந்தாள். ஒதுக்கிப் போட்ட குச்சிகளைப் பிழைக்கவைத்தே குச்சி நடும் இந்தக் கொட்டகைக்கு வந்தாள். பூக்காம்பை அடியோடு கிள்ளிக் கிள்ளி அவள் கட்டைவிரல் நகம் எப்போதும் பச்சையாக இருக்கும். “இவகிட்ட பூச்செடி கேட்டா குச்சியைத்தான் நீட்டுவா,” என்று அண்ணன் கேலி செய்வான். வேர் வந்ததா என்று மற்றவர்கள் குச்சியை இழுத்துப் பார்ப்பார்கள். அவள் ட்ரேயைத் தூக்கி, அடித்துளையைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் முதலாளியின் ட்ரே பூத்தது. வந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். அண்ணியும் பார்த்து, “அழகா இருக்குங்க,” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஐந்து குச்சிகள் அடியிலிருந்து கறுத்தன. அதன்பின் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

ஆறாவதில் மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது, உச்சியில் ஒரு மொட்டும். கை வைக்காதே என்று சொன்ன ட்ரேயில் அண்ணி கை வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய ஆறில் ஐந்து பிடித்திருந்தன. முதலாளியின் குச்சியும் துளை வழியே வெள்ளை வேரை நீட்டியது. அதைத் தொட்டிக்கு மாற்றி என் கையில் கொடுத்தாள்.

“நீயே கொண்டுபோய் அவர் மேஜையில வை. உங்க ட்ரேயில வந்ததுன்னு சொல்லு. மொட்டு எங்கன்னு கேட்டா, தானா உதிர்ந்துதுன்னு சொல்லிடு, என்ன?”