நத்தைக் கையெழுத்து

என் ஒன்பதாவது வயதில், வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகத் துப்புத் துலக்குகிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. நான் குற்றவாளி.

பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடித் திரியும் கொப்பி ஒன்று இங்கே பாரிசில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருக்கும். ஆசிரியை அதில் எதையாவது எழுதுவார், பெற்றோர் வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். என்னைப் பற்றி அவர் பாடியது ஒரே பல்லவி: வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள். அம்மாவிடம் காட்டினால் முதுகு பழுத்துவிடும். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் எழும்பும்போது அவர் நித்திரை, அவர் வரும்போது நான் நித்திரை. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அவரைக் கண்டதில்லை. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவர் பெயரில் நானே கையெழுத்து வைத்தேன்.

பெரியவர்களின் கையெழுத்து ஒருவருக்கும் விளங்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆகவே அப்பாவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் கிறுக்கி, கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றி ஒரு நத்தையாக்கி, அதன் தலையில் இரண்டு கொம்பும் வைத்தேன். இரண்டு வருடம் ஒரு வில்லங்கமும் வரவில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தவர்தான், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் இருந்தார். அன்றிலிருந்து நான் அறைக்குள் வந்தால் கதை நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் நின்று நான் பொறுக்கியெடுத்த சொற்கள் நான்கு: கையெழுத்து, பொலிஸ், முப்பது நாள், நாட்டைவிட்டு. ஒரு கையெழுத்துக்காகப் பிள்ளையை நாட்டைவிட்டே துரத்துவது கொஞ்சம் அதிகம் என்றுதான் பட்டது. ஆனாலும் என் ஆசிரியையின் முகத்தை நினைத்தால் அவர் அதையும் செய்யக்கூடியவர்.

கடிதம் அப்பாவுக்கு வந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டு தடவையும் நிராகரிக்கப்பட்டு, முப்பது நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் பத்து வருட விசா இருந்தது. வதிவிட அட்டையை எங்கள் ஆட்கள் விசா என்றுதான் சொல்வார்கள். அப்பா வேலை செய்தது வேறொருவருடைய விசாவில், அதனால் சம்பளச் சிட்டையில் அந்த மனிதரின் பெயர். வீடு அம்மாவின் பெயரில். மனைவி பிள்ளையோடு ஒன்றாக வாழ்கிறார், பிள்ளையைப் பார்க்கிறார் என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் அந்த உத்தரவை உடைக்கலாம். ஆனால் கடதாசியில் பார்த்தால் என் அப்பா பாரிசிலேயே இல்லை.

மெத்ரோ ரயில் நிலைய வாசலில் பொலிஸ்காரர் விசாப் பேப்பர் சோதிப்பார்கள் என்ற பயத்தில் அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். பகல் முழுக்க யன்னலோரம் இருந்தார். என்னைக் கண்காணிக்கத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து ஊருக்கெல்லாம் விண்ணப்ப ஃபோம் நிரப்பிக் கொடுக்கும் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, எல்லோருக்கும் மாமா. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கொப்பியள் இருக்கோ? தேப்பன் கையெழுத்து வைச்சது?"

எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். "ஐயோ, அதுதானே வேணும்," என்றார். குரலில் அவ்வளவு கவலை. தொலைக்காட்சியில் பொலிஸ்காரர் முதலில் இப்படித்தான் அன்பாகக் கேட்பார்கள், எனக்குத் தெரியாதா? அம்மா அன்று எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்ததும் சந்தேகத்தைக் கூட்டியது.

கொப்பிகளைச் சாமிப் படங்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பிள்ளையாரை யார் சோதனை போடப் போகிறார்கள் என்ற துணிவு. வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதையும், அன்று அம்மா ஒவ்வொரு படமாக இறக்கித் துடைப்பதையும் மறந்துபோனேன்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் கணவனின் பெயரை அடையாளம் கண்டுவிட்டார்.

"இது உங்கட கையெழுத்தோ? எப்ப வைச்சனீங்கள்?"

அப்பா பக்கம் பக்கமாகத் தட்டினார். எல்லாப் பக்கத்திலும் நத்தை. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஓம், என்ர தான். வேலையாலை வந்து வைச்சனான்."

இது என்ன புதுப் பொறி? சாப்பாட்டுக்குப் பிறகு கடை விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து, கொப்பியைப் பார்த்துப் பார்த்து அவர் நத்தை வரையத் தொடங்கினார். தாள் நிறைய நத்தை. களவைப் பிடிக்க எழுத்தை ஒப்பிடுகிறார் என்று முடிவு செய்து, அன்று நான் சரியாக நித்திரை கொள்ளவும் இல்லை.

அடுத்த கிழமை ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனோம், மாமாவும் மொழிபெயர்க்க வந்தார். வழக்கறிஞர் பழைய அகதி விண்ணப்பத்தை ஒரு கையிலும் என் கொப்பியை மறு கையிலும் வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து தமிழில் இருந்தது. அழகான, சாய்ந்த எழுத்து. ஏன் இரண்டு விதம் என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சிலை வைக்கிறனான்," என்றார் அப்பா.

வழக்கறிஞர் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளினார். அப்பா குனிந்து வைத்தார். வால், சுழி, இரண்டு கொம்பு, ஒன்றும் பிசகவில்லை. வழக்கறிஞர் தாளைப் பார்த்தார், பிறகு வெகு நேரம் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். ஆசிரியையின் இவ்வளவு முறைப்பாடுகளையும் ஒன்று விடாமல் வாசித்துக் கையெழுத்து வைக்கும் தகப்பனைத் தான் கண்டதில்லை என்று சொல்லிக் கொப்பியை மூடினார்.

நீதிமன்றம் உத்தரவை ரத்துச் செய்தது. அப்பாவுக்கு முதலில் ஒரு வருட விசா கிடைத்தது. அம்மா ரூ பஜோல் தெருவிலுள்ள கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, மாமா மொழிபெயர்த்துச் சொல்லியிருந்த முறைப்பாடுகளுக்காக என் முதுகையும் கவனித்தார். அதை நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன், பெரிய குற்றம் தப்பிவிட்டதே! அப்பா தன் கையெழுத்தையே மறந்துபோய் என்னுடையதைத் தன்னுடையது என்று நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது.

போன வருடம் அவருடைய விசாவைப் புதுப்பிக்க நான்தான் கூட்டிப் போனேன். ஃபோமில் கையெழுத்துக் கட்டத்துக்குள் அவர் நாக்கைக் கடித்தபடி மெதுவாக நத்தையைச் சுழற்றினார், கொம்பு இரண்டையும் வைத்தார். இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கேட்டேன்.

"அப்பா, தமிழிலை உங்களுக்கு வடிவான கையெழுத்து இருந்ததெல்லோ? இனி அதை வைக்கலாம்தானே?"

அவர் பேனையை மூடி என்னிடம் தந்தார்.

"அந்தக் கையெழுத்துக்காரனைப் போகச் சொல்லிப்போட்டாங்கள், பிள்ளை. உன்ர அப்பனைத்தான் இருக்க விட்டவங்கள்."