சுவருக்குப் பின்னால் இருமல்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் காலை நடைக்குப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் நாய்ச்சங்கிலி.

"சார், ஒரு மூணு நிமிஷம் இதப் புடிச்சிக்கிறீங்களா?"

பெங்களூரில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். அந்த அடுக்குமாடியில் நன்னடத்தைத் தேர்வில் தேறிய நாய்க்குத்தான் இடம். தேறாவிட்டால் இது செஞ்சியிலேயே நிற்க வேண்டியதுதான். உட்காருவது, கூடவே நடப்பது எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது. தேர்வில் மூன்று நிமிடம் வேற்று ஆளிடம் சத்தமில்லாமல் நிற்கவும் வேண்டும்; அப்படி விட்டுவிட்டு அவர் மறைந்தால் மட்டும் ஊளையிடுகிறது.

அவர் கோட்டைச் சுவருக்குப் பின்னால் போனார். நாய் முனகியதும் அங்கிருந்து ஓர் இருமல் வந்தது. நாய் அடங்கியது. மறுபடி முனகல், மறுபடி இருமல்.

திரும்பி வந்தவரிடம், "இப்படி இருமினா டெஸ்ட்டுல ஒத்துக்குவாங்களா?" என்றேன்.

"மாட்டாங்க சார். தெரியுது. அது கூப்புடுதே, நான் இன்னா பண்றது?"

இன்னொரு முறை பார்க்கலாம் என்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். நாய் ஊளையிட்டது. தாங்க முடியாமல் அவரைப் போலவே நான் இருமினேன். நாய் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்து இன்னும் உரக்க அழுதது.

அவர் கடைசிவரை இருமவே இல்லை.